1948 இங்கிலாந்து: பெரிய வீட்டுப் பெடியனும் குசினிப் பிள்ளையும். பிரதியில எங்கெங்க பிழை?

மாங்குளம்_மேடை:

வணக்கம். 70 நிமிச மேடை நாடகம் ஒண்டின்ர பிரதி முடியிற கட்டத்தில நிக்குது. பங்குனியில மாங்குளத்திலயும் மல்லாவியிலயும் போடுறம். திறந்த வெளி, இரவு. கதை நடக்கிறது இங்கிலாந்தில, 1948 நவம்பர். நாட்டுப்புறத்தில ஒரு பெரிய வீடு. ஒரே மகன் எட்வேட், வயசு 22. அங்கேயே தங்கி வேலை செய்யிற பிள்ளை எலன், வயசு 20. ரெண்டு பேருக்கும் நடுவில ஆருக்கும் தெரியாத காதல்.

காட்சி ஓட்டம் இதுதான். எட்டு வேலையாக்கள் நிக்கிற குசினியில எட்வேட் எலனுக்கு ஒரு பெட்டி சொக்கிலேற்றும் ஒரு 50 பவுண் தாளும் களவாக் குடுக்கிறான். பிறகு லண்டனில இருந்து ரெலிபோன் எடுக்க, தகப்பன் தூக்குறார். மூண்டாவது காட்சியில ரெண்டு பேரும் கோச்சியில ரெண்டாம் வகுப்புப் பெட்டியில சந்திக்கினம். நாலாவதில ஸ்கொட்லாந்து எல்லைக்கு ஓடிப்போய், கொல்லன் பட்டறையில அண்டைக்கே கலியாணம். திரும்பி வந்து ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கேக்க தாய் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறா. கடைசியில தகப்பன் "சொத்தில ஒரு சதமும் இல்லை" எண்டு கத்துறார்.

கேட்க வந்தது மூண்டு விசயம். எது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது? இங்கிலாந்துக்காரரின்ர வர்க்க வித்தியாசத்தை எங்கட சனத்துக்கு விளங்க வைக்கிறது எப்பிடி? சாதி மாறிக் காதலிச்சவனின்ர கதை சொல்லுற காத்தவராயன் கூத்தின்ர மெட்டைப் போட்டு, எலனை ஒரு சாதி குறைஞ்ச பிள்ளை மாதிரிக் காட்டினா ஒத்துவருமா? நடிகர் ஏழு பேர்தான். காசு பெரிசா இல்லை.


பழைய_முத்திரை:

தம்பி, கதை நல்லா இருக்கு. ஆனா நீங்கள் எழுதியிருக்கிறது 1908 வீடு, 1948 இல்லை.

எட்டு வேலையாக்களை எடுத்து விடுங்கோ. யுத்தத்துக்குள்ள பெண்பிள்ளையள் தொழிற்சாலைக்கும் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பழகிட்டினம், திரும்பி வீட்டுவேலைக்கு வரேல்லை. 1948இல உப்பிடியான வீட்டில ஒரு சமையல்காரி, தங்கி நிக்கிற ஒரு பிள்ளை, பகலில வந்து போற ஒராள், தோட்டத்துக்கு ஒரு கிழவர் எண்டாலே பெரிய விசயம். பாதி அறையளைப் பூட்டி, கதிரை மேசைக்கு வெள்ளைத் துணி போட்டு மூடியிருப்பினம். உங்களுக்கு நடிகர் பஞ்சமும் தீரும், மேடைச் செலவும் குறையும்: ரெண்டு கதிரைக்கு வெள்ளைத் துணி போர்த்தாலே அது அழிஞ்சு போற பெரிய வீடு.

இதால இன்னொண்டும் மாறுது. "வேலையை விட்டு நிப்பாட்டினா தெருவுக்குப் போவன்" எண்டு எலன் அழக் கூடாது. பழைய காலத்தில நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அனுப்பினா அடுத்த வீட்டில வேலை இல்லை. அது பெரிய ஆயுதம். 1948இல தொழிற்சாலையில வேலை இருக்கு. இங்க வேலையாளுக்கு அலையிறது வீட்டுக்காரிதான். எலனுக்கு அது தெரியும். தாய்க்கும் தெரியும். ஒருத்தரும் அதை வாயால சொல்லமாட்டினம்.

சொக்கிலேற். 1948இல இனிப்புக்குக் கூப்பன். நாலு கிழமைக்கு ஆளுக்குச் சுமார் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். பணக்காரனுக்கும் அவ்வளவுதான். அந்தக் கட்டுப்பாடு முழுசா விட்டது 1953 பெப்ரவரியில. அதால பெட்டியை விட்டிட்டு, எட்வேட் தன்ர கூப்பன் புத்தகத்தில இருந்து இனிப்புக் கூப்பனைக் கத்தரிச்சு அவளின்ர கையில வைக்கட்டும். எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 90களில சவுக்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் சங்கக்கடை வாசலில நிண்ட ஆக்கள் முன்வரிசையில இருப்பினம். கூப்பனைக் குடுக்கிறவன் என்ன குடுக்கிறான் எண்டு அவைக்குத் தெரியும்.

பாண் காட்சி வைச்சா கவனம்: பாணுக்குக் கட்டுப்பாடு 1946 யூலை தொடக்கம் 1948 யூலை வரைக்கும் மட்டும்தான். நவம்பரில பாண் தாராளம். தேயிலை 1952 ஒக்ரோபர் வரைக்கும் கட்டுப்பாடு, கிழமைக்கு ஆளுக்கு 2 அவுன்ஸ் கணக்கு. உடுப்புக்கு 1949 மார்ச் வரைக்கும். இறைச்சிக்கு 1954 யூலை வரைக்கும். (தேயிலை எண்டதால ஒரு சொல்லு: எங்கட பிரசாவுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்து மலையகச் சனத்தை நாடற்றவராக்கி அமுலுக்கு வந்ததும் 1948 நவம்பரிலதான். கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் குடியேறின எத்தினையோ குடும்பத்துக்கு அது வீட்டுக்கதை. எலன் தேத்தண்ணிக் கோப்பையோட உள்ளுக்க வாறது அந்த மாசம். நாடகத்தில சொல்லத் தேவையில்லை, நடிக்கிற பிள்ளை தெரிஞ்சு வைச்சிருக்கட்டும்.)

50 பவுண் தாள் அப்ப புழக்கத்தில இல்லை. ஜேர்மன்காரர் கள்ள நோட்டு அடிச்சதால 10 பவுணும் அதுக்கு மேலயும் 1943இல நிப்பாட்டிப் போட்டினம். மிஞ்சின பெரிய தாள் 5 பவுண். அது வெள்ளைத்தாள், ஒரு பக்கம் மட்டும் கறுப்பு எழுத்து, மற்றப் பக்கம் வெறுமை. அளவு 211க்கு 133 மில்லிமீற்றர். பேர்சுக்க போகாது, மடிக்க வேணும். கடைக்காரர் அதை வாங்கேக்க, பின்பக்கத்தில பேரும் விலாசமும் எழுதச் சொல்லுறது வழக்கம். ஒரு வேலைக்காரப் பிள்ளை கிராமத்துக் கடையில வெள்ளை அஞ்சு பவுணை நீட்டினா, பின்னேரத்துக்கு முதல் ஊர் முழுக்கத் தெரியும். அன்பில குடுத்த காசு அவளைக் காட்டிக் குடுக்கும். எட்வேட்டுக்கு அது மண்டையில ஏறாது, ஏனெண்டா அவனுக்கு ஒருநாளும் ஆரும் "எங்கால உனக்கு?" எண்டு கேட்டதில்லை.

கோச்சி. 1948இல இங்கிலாந்தில சாதாரண கோச்சியில ரெண்டாம் வகுப்பு இல்லை. முதலாம் வகுப்பு, மூண்டாம் வகுப்பு, அவ்வளவுதான். 1956 யூனிலதான் மூண்டாவதுக்கு ரெண்டாவது எண்டு பேர் மாத்தினவை. நடுவில ஒரு படி இல்லாத கோச்சி! உங்களுக்கு இதை விட வேற குறியீடு வேண்டாம். எட்வேட் மூண்டாம் வகுப்புக்கு இறங்கி வரலாம், அதை ஆரும் தடுக்கமாட்டினம். எலன் முதலாம் வகுப்பில ஏறினா ரிக்கெற் பாக்கிறவர் வித்தியாசக் காசு கேட்பார். உள்ளூர்க் கோச்சியள் பலதில பெட்டிக்குப் பெட்டி போக நடைபாதை இல்லை. ஒரு ஸ்ரேசனில இருந்து அடுத்த ஸ்ரேசன் மட்டும் கதவு திறபடாது. ரெண்டு பேர் தனிய இருக்க அந்த நாட்டில அதுதான் வசதியான இடம். வழியனுப்ப வாறவர் ஸ்ரேசன் மேடைக்குள்ள வர ஒரு பென்னிக்கு மேடை ரிக்கெற் எடுக்க வேணும்.

ரெலிபோன் காட்சியை மட்டும் விட்டிடாதேங்கோ. சிவப்புப் பெட்டிக்குள்ள ஏ, பி எண்டு ரெண்டு பொத்தான். முதல் காசைப் போட வேணும், பிறகு இலக்கம் சுழட்ட வேணும். மற்றப் பக்கம் ஆள் தூக்கினா, அவர் கதைக்கிறது உங்களுக்குக் கேக்கும். நீங்கள் ஏ பொத்தானை அமத்தும் வரைக்கும் உங்கட குரல் அவருக்குக் கேக்காது. அமத்தினா காசு உள்ளுக்க விழும். ஆள் இல்லையெண்டா பி பொத்தானை அமத்தக் காசு திரும்பி வரும். இப்ப உங்கட காட்சியை யோசியுங்கோ: தகப்பன் தூக்கி "ஆர்? ஆர் கதைக்கிறது?" எண்டு கேக்கிறார். எட்வேட் ஏ பொத்தானில விரலை வைச்சபடி நிக்கிறான், அமத்தேல்லை. பிறகு பி. சில்லறை சரசரவெண்டு கீழ விழுகுது. ஒரு வசனமும் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: லண்டனில இருந்து தூர ஊருக்கு எடுக்கிறது அப்ப இணைப்பாளர் ஊடாகத்தான். ஆள் இல்லாமல் நேர சுழட்டித் தூர ஊருக்கு எடுக்கிற வசதி 1958 டிசம்பரில பிறிஸ்ரலில தொடங்கினது. அதால அவனைப் பக்கத்துச் சந்தைப் பட்டினத்துப் பெட்டிக்குள்ள நிப்பாட்டுங்கோ, லண்டனில இல்லை.

கடைசியா, எட்வேட்டுக்கு 22 வயசெண்டா 1944இல 18. படைக்குக் கூப்பிட்டிருப்பினம். இல்லாட்டி அவன் 'பெவின் பெடியன்'. 1943 டிசம்பரில இருந்து, கூப்பிட்ட ஆக்களில பத்தில ஒரு பங்கைத் திருவுளச்சீட்டில தெரிஞ்சு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினவை. பதிவு இலக்கத்தின்ர கடைசி எண்ணைப் பாத்துத்தான் தெரிவு. பிரபு மகன், பியோன் மகன் எண்டு பாக்கேல்லை. தானா விரும்பிப் போன ஆக்களையும் சேர்த்துச் சுமார் 48,000 பேர். வகுப்பு மாறிக் காதலிக்கிற துணிவு அவனுக்கு எங்கால வந்தது எண்டு பாக்கிறவை யோசிப்பினம். சுரங்கத்தில வெட்டின கைகாய்ப்பு அதுக்குப் பதில்.


வட்டக்களரி:

முத்திரை அண்ணை சொன்னதில மறுபேச்சில்லை. நான் காத்தான் கேள்விக்கு மட்டும் வாறன்.

மெட்டைப் போடுங்கோ, தாராளமாப் போடுங்கோ. சாதியைப் போடாதேங்கோ. காத்தவராயனுக்கும் ஆரியமாலைக்கும் நடுவில நிக்கிறது தீட்டு. தொடக்கூடாது, வாசல் மிதிக்கக்கூடாது, முடிவில கழுமரம். இங்கிலாந்து வீட்டில எலன்தான் சமைச்சுக் குடுக்கிறாள், படுக்கை விரிக்கிறாள், காய்ச்சலெண்டா நெத்தியில கை வைச்சுப் பாக்கிறாள். தொடுகையில அங்க ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை, அவள் எந்தப் படியால ஏறி வந்தாள் எண்டதில. பின்பக்கத்தில ஒடுங்கின படி ஒண்டு இருக்கும், வேலையாக்களுக்கு. முன்படியில அவள் கால் வைக்கிறது தூசு துடைக்க மட்டும். எலனைச் சாதி குறைஞ்ச பிள்ளை ஆக்கினா எங்கட சனம் அழும், ஆனா வேற ஒரு கதைக்கு அழும்.

முடிவும் அப்பிடித்தான். அங்க கழுமரம் இல்லை, ஆள் வைச்சு அடிக்கிறதும் இல்லை. மகனைக் கென்யாவுக்கோ றொடேசியாவுக்கோ அனுப்புவினம், தோட்டம் பாக்க. பிள்ளைக்கு ஒரு மாசச் சம்பளத்தை மேசையில வைச்சு "நீ போகலாம்" எண்டுவினம். குரல் உயராது. உங்கட தகப்பன் கத்துறார் எண்டு எழுதியிருக்கிறியள். அந்த வர்க்கத்துத் தகப்பன் கத்தமாட்டார், பத்திரிகையை மடிச்சு வைப்பார்.

இப்ப விளங்கப்படுத்துற கேள்வி. ஆங்கிலத்தில வர்க்கம் வாயைத் திறந்த உடன வெளிக்கும். 1954இல அலன் றொஸ் எண்ட மொழியியலாளர் மேல்வகுப்புச் சொல்லு எது, அப்பிடிக் காட்ட ஆசைப்படுறவையின்ர சொல்லு எது எண்டு பட்டியல் போட்டவர். கை துடைக்கிற துணிக்கும் மலசலகூடத்துக்கும் கூட ரெண்டு ரெண்டு சொல்லு. அதைத் தமிழுக்குக் கொண்டுவர ஏலாது. சில பேர் பணக்காரனுக்கு யாழ்ப்பாணத் தமிழும் வேலைக்காரிக்கு வன்னித் தமிழும் குடுப்பினம். மல்லாவியில அப்பிடிப் போட்டா கல்லெறி விழும், நியாயமான கல்லெறி.

எங்களிட்ட ஆங்கிலத்தில இல்லாத ஒரு சாமான் இருக்கு: நீ, நீர், நீங்கள். அவங்களிட்ட இருக்கிறது ஒரே ஒரு சொல்லு. ஆக்களுக்கு முன்னால எட்வேட் எலனை "நீ" எண்டட்டும். எலன் "நீங்கள், சேர்" எண்டட்டும். தனியக் கோச்சிப் பெட்டிக்குள்ள ரெண்டு பேரும் "நீர்". ரெண்டு பேரும் ஒரே சொல்லுக்கு வந்து நிக்கிற இடம் அது ஒண்டுதான். அங்க எலன் முதல் தரம் "நீர்" எண்டேக்க அவளுக்கே நாக்கு இடற வேணும். முழு நாடகத்திலயும் இந்த ஒழுங்கை ஒரு தரமும் பிழைக்க விடாமல் வைச்சிருந்தா, கடைசியில தாய்க்கு முன்னால தேத்தண்ணி ஊத்திற நேரம் "நீர் சீனி போடுறேல்லைத்தானே" எண்டு ஒரு சொல்லு தவறினா போதும். கடிதம் வேண்டாம். ஒத்திகையில நடிகர் மறந்துபோய் "நீங்கள்" ஆக்கிப் போடுவினம், அதால பிரதியில அந்தச் சொல்லுகளுக்குக் கீழ சிவப்புக் கோடு போட்டு வையுங்கோ.

கூப்பிடுற முறை இன்னும் ரெண்டு. வீட்டு மகனை வேலையாக்கள் "மிஸ்டர் எட்வேட்" எண்டுவினம். சமையல்காரி கலியாணம் கட்டாதவவா இருந்தாலும் "மிசிஸ்" போட்டுத்தான் கூப்பிடுறது, அது பதவிக்குரிய மரியாதை.


உறுதிக்கட்டு:

நாலாவது காட்சி சட்டப்படி நிக்காது. ஸ்கொட்லாந்தில கொல்லன் பட்டறைக் கலியாணம் 1 யூலை 1940இல செல்லாமல் போச்சுது. அதுக்குப் பிறகும் ஓடிப்போறவை ஓடினவை, ஆனா பதிவாளரிட்டத்தான் எழுத்து. அங்க 16 வயசு நிரம்பினா பெற்றோர் சம்மதம் தேவையில்லை, அதுதான் கவர்ச்சி. ஆனா அப்ப ஒராள் 15 நாள் அந்த மண்ணில தங்கியிருக்க வேணும், பிறகு அறிவித்தல் ஒட்டி 7 நாள். மூண்டு கிழமை. ஒரு அரைநாள் லீவில வாற பிள்ளைக்கு இது சரிவராது. தங்கி வேலை செய்யிறவைக்கு வழக்கமாக் கிடைக்கிறது கிழமையில ஒரு அரைநாளும் ஒண்டு விட்ட ஞாயிறும்.

இங்கிலாந்திலயே எழுதினா? அங்க அப்ப 21 வயசுக்குக் கீழ் உள்ளவருக்குப் பெற்றோர் சம்மதம் வேணும்; அதை 18 ஆக்கினது 1970இல. உங்கட பிரதியில எட்வேட்டுக்கு 22. அவருக்கு ஒருவரின்ர சம்மதமும் வேண்டாம். எலனுக்கு 20. சம்மதம் தர வேண்டியது எலனின்ர தகப்பன் (தாய் அவரோட இருந்தா அவவும்)! மாளிகைக்காரரின்ர கையெழுத்து இந்தக் கலியாணத்துக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. ஸ்ரேசனில பொதி தூக்குறவரோ, ஆரோ, அவளின்ர அப்பாவின்ர கையெழுத்துத்தான் வேணும். அவர் மறுத்தா நீதிமன்றத்திட்டக் கேக்கலாம், ஆனா கேட்டா ஊருக்குத் தெரியும். அந்தத் தகப்பனை ஒரு காட்சியில கட்டாயம் கொண்டுவாங்கோ. அவர் சந்தோசத்தில குதிப்பார் எண்டு நினையாதேங்கோ. "அந்த வீட்டுக்குப் பின்கதவால போன பிள்ளை முன்கதவால எப்பிடிப் போவாள்?" எண்டு அவர்தான் முதல் மறுப்பார்.

சம்மதம் கிடைச்சா பதிவுக் கந்தோரில அப்ப ரெண்டு வழி. சாதாரண வழியில அறிவித்தல் 21 நாள் ஆரும் பாக்கக்கூடிய இடத்தில கிடக்கும். காசு கூடக் கட்டி அனுமதிப் பத்திரம் எடுத்தா, அறிவித்தல் குடுத்து இடையில ஒரு முழுநாள் விட்டுக் கட்டலாம். ஒராள் அந்தப் பிரிவில 15 நாள் இருந்திருக்க வேணும். சாட்சி ரெண்டு பேர். தேவாலயம் எண்டா மூண்டு ஞாயிறு பேரை வாசிப்பினம், இரகசியத்துக்கு அது உதவாது.

சொத்து. "ஒரு சதமும் இல்லை" எண்ட வசனம் பாதி சரி. வளர்ந்த, உடம்பு சுகமான மகனுக்கு எழுதாமல் விடுற சுதந்திரம் அங்க அப்ப தகப்பனுக்கு இருந்தது. ஆனா உப்பிடியான பழைய காணிகள் கனக்க, மூத்த மகனுக்குப் போக வேணும் எண்டு முன்கூட்டியே கட்டி வைச்சவை. அப்ப தகப்பனுக்கு இருக்கிறது சீவிய உரித்து மாத்திரம். அவர் வெட்டக்கூடியது மாதக் காசை. இன்னொண்டு: மரண வரி. 1946 தொடக்கம் மிகப் பெரிய ஆதனங்களுக்கு 75 வீதம். அதில இருந்து தப்ப அப்ப இருந்த வழி, உயிரோட இருக்கேக்கயே மகனுக்கு நன்கொடை உறுதி எழுதி, எழுதினவர் பிறகு ஐஞ்சு வருசம் சீவிச்சிருக்கிறது. ஒரே மகன் எண்டா தகப்பனுக்கு அவன் தேவை. கடைசிக் காட்சியில தகப்பன் மிரட்டுறாரா, கெஞ்சுறாரா எண்டு பாக்கிறவைக்கே பிடிபடாமல் எழுதலாம். களரி சொன்ன மடிச்ச பத்திரிகைக்கு இது பொருந்தும்.


மாங்குளம்_மேடை:

எல்லாருக்கும் நன்றி. எலனின்ர தகப்பன் விசயத்தில வாயடைச்சுப் போனன். நாலாவது காட்சியைத் தூக்கிப் போட்டு, அங்க அவரைப் போடுறன். "நீர்" வழியும் எடுக்கிறன். ஆனா ஒரு சந்தேகம். "நீர்" எண்டு ஒரு சொல்லு தவறினதோட தாய்க்குக் காதல் தெரியும், சரி. எலனுக்குப் பிள்ளை வந்திருக்கு எண்டதும் அந்தக் காட்சியிலயே வெளிக்க வேணும். மயங்கி விழுறது, சத்தி எடுக்கிறது இல்லாமல் வேற வழி இருக்கோ? அதோட ரெண்டு பேரும் லண்டனில ஒரு அறையில சந்திக்கிற காட்சி புதுசா எழுதுறன். அங்க என்ன நடக்கும்?


பழைய_முத்திரை:

வழி இருக்கு: பச்சைப் புத்தகம்.

வளர்ந்த ஆக்களின்ர கூப்பன் புத்தகம் மண்ணிறம் கலந்த மங்கல் மஞ்சள். 5 வயசுக்குக் கீழ் பிள்ளையளுக்கும், பிள்ளைத்தாச்சிக்கும் பச்சை. வைத்தியரோ மருத்துவிச்சியோ எழுதிக் குடுக்கிற துண்டைக் கொண்டுபோய் உணவுக் கந்தோரில குடுத்தா, சொந்தப் புத்தகத்துக்கு மேலதிகமாப் பச்சைப் புத்தகம் தருவினம். அதில நாளுக்கு ஒரு பைந்து (அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூட) பால் மலிவு விலையில, தோடம்பழச் சாறு, மீனெண்ணெய். கலியாணம் கட்டாத பிள்ளையின்ர கையில பச்சைப் புத்தகம் எண்டா பேசுறதுக்கு ஒண்டும் இல்லை. கிளினிக் கொப்பியும் திரிபோசாச் சத்துமாப் பைக்கற்றும் கொண்டு போறவவை எங்கட சந்தியில கண்டா சனத்துக்கு விளங்கிற மாதிரி, அவைக்கு அந்த நிறம்.

எலன் அதைப் பால்காரனிட்டக் காட்டியிருக்க மாட்டாள். காட்டினா அடுத்த நாள் குசினி வாசலில ஒரு போத்தல் கூட நிக்கும், சமையல்காரி எண்ணுவா. அதால ஒரு கூப்பனும் பாவிபடாத பச்சைப் புத்தகம். தாய் பக்கம் பக்கமாப் புரட்ட வேணும். பிள்ளைக்குச் சேர வேண்டிய பாலைக் குடிக்காமல் விட்டு இரகசியத்தைக் காத்திருக்கிறாள் எண்டது தாய்க்கு மூண்டாவது பக்கத்தில பிடிபடட்டும். கோபம் அந்த இடத்தில கொஞ்சம் தளம்பினா நல்லது, அவவும் ஒரு தாய்தானே.

புத்தகம் எப்பிடித் தாயின்ர கைக்கு வந்தது? தங்கி நிக்கிற வேலையாக்களின்ர புத்தகத்தை வீட்டுக்காரர் வாங்கி வைச்சு எல்லாருக்கும் சேத்துச் சாமான் எடுப்பினம். எலன் ஓட வெளிக்கிட்டா தன்ர மஞ்சள் புத்தகத்தை குசினி லாச்சிக்குள்ள இருந்து எடுக்க வேணும், இல்லாட்டிப் போற இடத்தில தேயிலையும் சீனியும் இல்லை. இரவில லாச்சியைத் திறக்கேக்க மடிக்குள்ள இருந்த பச்சை விழுகுது. நிறைமாசப் பிள்ளைத்தாச்சி இல்லை, ரெண்டு மூண்டு மாசம்தான், அதால வயித்துக்குத் தலகணி கட்டாதேங்கோ.

காட்சிக்கு நாள் வேணுமெண்டா 14 நவம்பர் 1948, ஞாயிறு இரவு. பக்கிங்காம் மாளிகையில சாள்ஸ் பிறந்தது அண்டைக்கு இரவு 9.14க்கு. றேடியோவில அந்த அறிவிப்புப் போக, குசினியில பச்சைப் புத்தகம் கிடக்கட்டும். றேடியோவுக்கு மேல ஒருத்தரும் கதைக்க வேண்டாம்.

லண்டன் அறை: விடுதியில "மிஸ்டர், மிசிஸ்" எண்டு பொய்ப் பேர் எழுதலாம், ஆனா அடையாள அட்டை 1952 பெப்ரவரி வரைக்கும் இருந்தது, கூப்பன் புத்தகத்திலயும் சொந்தப் பேர், கன நாள் தங்க ஏலாது. வாடகை அறையில காஸ் அடுப்பு, அதுக்கு மீற்றர், மீற்றருக்குள்ள ஒரு சிலிங் குத்தியாப் போட வேணும். காசு முடிஞ்சா நெருப்பு அணையும். கதைச்சுக் கொண்டிருக்கேக்க அணையட்டும். எட்வேட்டின்ர பொக்கற்றில வெள்ளை அஞ்சு பவுண், அது மீற்றருக்கு உதவாது. எலனின்ர பேர்சில ஒரு சிலிங் இருக்கு. அவள் குனிஞ்சு போடுறாள், நெருப்பு வருது. அவன் பாத்துக் கொண்டு நிக்கிறான்.


சாமான்_பெட்டி:

சாமான் செய்யிறது எப்பிடி எண்டு மட்டும்.

அஞ்சு பவுண்: ஏ4 தாளைப் பாதியா வெட்டினா 210க்கு 148 வரும், அதில 15 மில்லிமீற்றரை வெட்டி எடுத்தா அளவு சரி. பளபளப்புத் தாள் கூடாது. மெல்லிய தாள், விரிக்கேக்க சத்தம் கேக்க வேணும். ஒத்திகைக்கு ஒண்டு, ஒவ்வொரு காட்சிநாளுக்கும் ஒண்டு, ஏனெண்டா பின்பக்கத்தில எலன் பேர் எழுதுவா.

பென்னி பெரிய குத்தி, 31 மில்லிமீற்றர் குறுக்களவு. இரும்புக் கடையில அதே அளவு வாசர் வாங்கிச் செம்புநிறம் அடியுங்கோ. ஓட்டை பின்வரிசைக்குத் தெரியாது, சத்தம் தெரியும். காசு விழுற கிண்ணம் தகரமா இருக்கட்டும், பிளாஸ்ரிக் சத்தம் செத்துப் போகும். திறந்த வெளியில அந்தச் சத்தம் காத்தோட போயிடும், கிண்ணத்துக்குக் கீழ ஒரு சின்ன மைக் ஒட்டுங்கோ. ஜெனரேற்றரை மேடைக்குப் பின்னால வைச்சா உங்கட மௌனக் காட்சி எல்லாம் அதின்ர இரைச்சலில முடியும். 50 மீற்றருக்கு அங்கால, மரத்துக்குப் பின்னால, வயரை நீளமா இழுங்கோ.

உடுப்பில ஆக்கள் விடுற பிழை, எலனுக்கு முழு நாடகத்துக்கும் ஒரே உடுப்பு. காலமையில பூப்போட்ட பருத்திச் சட்டை, மத்தியானத்துக்குப் பிறகு கறுப்புச் சட்டை, வெள்ளை ஏப்ரன். மாத்தினா நேரம் தானா விளங்கும். கோட்டுக்கு லண்டனில இருந்து சொந்தக்காரர் அனுப்பின பழைய கம்பளிக் கோட்டு இல்லாத ஊர் இல்லை, ஆனா உள்துணியை உருவிப் போட்டுத்தான் போட வேணும்; பங்குனி வெக்கையில 70 நிமிசம் அதுக்க நிண்டா பெடியன் மயங்குவான். வேர்வை மினுங்கினா குளிர்காலம் பொய்யாப் போகும், காட்சிக்குக் காட்சி முகத்துக்குப் பவுடர். இன்னொண்டு: நவம்பரில அங்க பின்னேரம் 4 மணி தாண்ட இருட்டிப் போகும். "தேத்தண்ணி நேரம்" எண்டு சொல்லிப்போட்டு மேடையில பளிச்செண்டு வெயில் வெளிச்சம் போடாதேங்கோ. கழுத்து மட்டத்தில மஞ்சள் வெளிச்சம், யன்னலுக்கு வெளியால நீலம்.

பச்சைப் புத்தகம் வெளிறின பச்சையா இருந்தா மஞ்சள் வெளிச்சத்தில மற்றப் புத்தகத்தோட ஒண்டாத் தெரியும். கடும் பச்சையா அட்டை போட்டு, அந்த வெளிச்சத்துக்குக் கீழ வைச்சு, கடைசி வரிசையில நிண்டு ஒருக்கால் பாருங்கோ. விழுந்தா அட்டை எப்பவும் மேல பாத்தபடி விழாது, நூற்றுக்கு ஐம்பது. அதால ரெண்டு பக்கமும் பச்சை.


மாங்குளம்_மேடை:

பாத்தாச்சு அண்ணை. பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுற பச்சைப் பேப்பர் சரிவரேல்லை, மண்ணிறமாத்தான் தெரிஞ்சது. இப்ப பச்சைப் பெயின்ற் ரெண்டு தரம் அடிச்சுக் காய வைச்சிருக்கு. எலனின்ர தகப்பனுக்கு ஆள் கிடைச்சிட்டார். அவர் கேக்கிறது ஒண்டு: மாளிகைக்குப் போற காட்சியில தொப்பியை எப்ப கழட்டுறது?


வட்டக்களரி:

வாசலில கழட்டி, வெளிய வரும்வரைக்கும் ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கட்டும். மாளிகைக்காரர் "இருங்கோ" எண்டாத்தான் இருக்கலாம், அவர் சொல்லமாட்டார். மகளுக்குச் சம்மதக் கையெழுத்து வைக்கிற காட்சியில, தன்ர குசினி மேசையில, தொப்பி தலையில.